மாஸ்டருக்கு முழங்கால்

பாரிஸ், 9.11.1986

அன்புள்ள அம்மாவுக்கு மகன் கிறகோரி எழுதுறது. மாதா காவலிலை நான் சுகம். உங்கடை முழங்கால் வலி எப்பிடி? நேவிக்காரங்கள் அப்பாவைக் கடலுக்குப் போக விடுறாங்களோ?

இஞ்சை எங்கடை அறைக்குப் பெரியாள் தியாகராசா அண்ணை. ஞாயிறு தவறாமல் வீடியோவிலை குங்பூப் படம் போடுவார். எல்லாம் ஒரே கதைதான். குரு சும்மா அடிப்பார்; சீடன் பனிக்குள்ளை முழங்காலிலை நிண்டு மன்னிப்புக் கேப்பான். பிழை குருவிலையெண்டு தெரிஞ்ச பிறகும் கேக்கிறது சீடன்தான்! உதுகளைப் பாத்து அண்ணைக்குத் தலைக்கேறிப்போச்சு. அவரை "மாஸ்டர்" எண்டு கூப்பிடவேணுமாம். சோத்தை அடிப்பிடிக்க விட்டால் அவருக்கு முன்னாலை முழங்காலிலை நிக்கவேணுமாம். றெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவுற மாஸ்டர்! போன கிழமை சோறு அடிப்பிடிச்சுது. நான் நிக்கேல்லை. "உம்மடை வேலையைப் பாரும்" எண்டிட்டன்.

அண்டு பின்னேரம் கட்டிலடியிலை முழங்காலிலை நிண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தன். அந்தாள் உள்ளுக்கு வந்து, என்ரை தோளிலை தட்டி, "எழும்படா, மன்னிச்சிட்டன்" எண்டுது. செபத்தைப் பாதியிலை விடக்கூடாதெண்டு நீங்கள்தானே பழக்கினீங்கள், வாய் திறக்கேல்லை. முடிச்சு எழும்பமுன்னம், நான் மன்னிப்புக் கேட்டிட்டனெண்டு அறை முழுக்கக் கதை பரவீட்டுது. இல்லையெண்டு சொன்னால், வெக்கத்திலை சொல்லுறனெண்டு சிரிக்கிறாங்கள். விசர்க் கூட்டம்.

யோசிக்காதேங்கோ, பகிடிக்குத்தான் எழுதுறன். ஆரும் வந்தால் உங்கடை கையாலை இடிச்ச மிளகாய்த்தூள் குடுத்துவிடுங்கோ. வேலைக்கு நேரமாச்சு.

இப்ப செபமாலையை எழும்பி நிண்டுதான் சொல்லுறன். உங்களுக்கு ஏலுமெண்டால், எனக்கும் சேத்து முழங்காலிலை நில்லுங்கோ அம்மா.

கிறகோரி