சொட்டு நீலக் கமாரோ

அஜ்மான்,
ஏப்ரல் 2006

அருமை மகள் ஷம்சியாவுக்கு உன் உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளை ஆமிராவும் அந்தக் குளிர் தேசத்திலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அல்லாஹ் கிருபை செய்யட்டும். இங்கே நானும் வாப்பாவும் சுகம். சுகம் என்று எழுதலாமா என்று பேனாவைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தேன், பிறகு சுகம்தான், தைரியமாக எழுது என்று மனசு சொன்னது, ஏன் யோசித்தேன் என்பது போகப் போக உனக்குத் தெரியும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன் கார்டைச் சுரண்டி நம்பரை அழுத்த ஆரம்பித்ததுமே வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவர் கதையையே எப்படிச் சொல்வது. உன் காக்கா, மூத்தவன் ஹாதிக்கு ஓமானில் அந்த சோஹார் துறைமுக வேலை இன்னும் மூச்சுவிட நேரம் தரவில்லை, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்து ஒரு நாள் தலைகாட்டிவிட்டு ஓடிப்போனான், இளைத்திருக்கிறான், அங்கே ரூமில் என்னத்தைச் சமைத்துத் தின்கிறார்களோ. நீ ஹீட்டர் ஓடுகிற அறையில் பிள்ளையைப் படுக்க வைக்கும்போது ஓரமாக ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொள், இல்லாவிட்டால் மூக்கு காய்ந்து பிள்ளை சிணுங்கும். டாக்டர் சொல்லவில்லை என்று சொல்லாதே, நான் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கமாரோ காரை வாப்பா இந்தக் குளிர்காலத்தில் வீட்டிலேயே பிரித்து மேய்ந்துவிட்டார். நீ ஸ்கூலுக்குப் போகும்போது அதன் எட்டு சிலிண்டர் சத்தத்துக்கு வெட்கப்பட்டு, கேட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்வாயே, அதே கார்தான். முதலாளி அர்பாப் புது வண்டி வாங்கியபோது இதை வாப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து இந்த வீட்டில் எனக்குச் சக்களத்தி அதுதான், உனக்குத் தெரியாததா. கடற்காற்று பட்டுக் கதவுக்கு அடியில் துரு தின்றுவிட்டது, ஹாதி வந்தபோது வித்துடுங்க வாப்பா என்று சொல்லிவிட்டான், அவ்வளவுதான், மறு நாளே கம்ப்ரஸரை வாடகைக்கு எடுத்து முற்றத்தில் இறக்கிவிட்டார். டிங்கரிங், பட்டி, வாட்டர் பேப்பர் என்று வீடு முழுக்கத் தூசி, துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். நல்ல பெட்ஷீட் இரண்டையும் காற்றுக்குத் தடுப்பாகக் கட்டிவிட்டார். பெயின்டை வடிகட்ட என் டீ வடிகட்டியைக் கொண்டுபோனார், கேட்டதற்கு, நீ வேற வாங்கிக்கோ புள்ள, இது நல்ல கண்ணு கண்ணா இருக்கு என்றார். திட்டினேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அவர் அப்படிச் சட்டையெல்லாம் பட்டி ஒட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் கார் பெயின்ட் அடித்த கராஜில் இப்போது அவருக்குச் சாவி வாங்குவதும் கொடுப்பதும்தான் டியூட்டி, பெயின்ட் கலக்குவதெல்லாம் கம்ப்யூட்டர். வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லாமல் இருந்தவர் இப்போது முற்றத்தில் விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

பழைய காருக்கு அதே கலர் அடிக்க வேண்டுமென்றால் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குப் பழைய பெயின்டைத் தேய்க்காமல் விட்டுவைப்பார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. வாப்பாவே எத்தனை பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். ஏன் இப்படி என்று கேட்டால், இந்தக் கலர் எனக்கு மனப்பாடம், இதுக்குப் போய் மாதிரியா என்கிறார். பெயின்ட் கடையில் நம்பரைச் சொன்னால் மெஷினிலேயே கலந்து தருகிறார்களாம், அதுவும் வேண்டாம் என்று டப்பா டப்பாவாக வாங்கி வந்து தானே கலக்கினார். குச்சியால் எடுத்து இடதுகைப் பெருவிரல் நகத்தில் ஒரு சொட்டு வைப்பார், வெயிலில் நீட்டிப் பார்ப்பார், இன்னும் கொஞ்சம் நீலம் ஊற்றுவார், மறுபடி நகம், மறுபடி நீலம். காலையில் பனி காய்ந்து, கடற்காற்று கிளம்புவதற்கு முன்னால், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு முன்பக்க பானட்டுக்கு முதல் கோட் அடித்தார். முகத்துணியை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன் ஷம்சியா. நம் கார் கருநீலம், நிழலில் நின்றால் கறுப்பு என்றே நினைப்பார்கள், அது ஊருக்கே தெரியும். முற்றத்தில் நின்றதோ வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை பாட்டிலோடு கவிழ்த்த மாதிரி ஒரு நீலம். வாப்பா ஸ்பிரே கன்னைக் கையில் பிடித்துக்கொண்டு, பரீட்சை பேப்பரை நீட்டிய பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லாருக்கு என்றேன். வேறு என்ன சொல்ல. அவர் கலர் பார்த்துத்தானே நாம் சோறு சாப்பிட்டோம். அந்த வாரம் முழுக் காரையும் அதே நீலத்தில் அடித்து முடித்தார்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக என் மனசில் ஓடியது. பகலிலேயே லைட்டைப் போடச் சொல்வார். டீயில் பால் ஊற்றினாயா என்று கேட்பார். கறுப்புப் பேன்ட் என்று கருநீலத்தைப் போட்டுக்கொண்டு போவார், நான் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். கண்ணில் ஏதோ இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒரு தடவை சொன்னதற்கு, கண்ணுல கத்தி வைக்கிறதா, என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல, ஒனக்கு வேற வேலை இல்லையா என்று எரிந்து விழுந்தார். கண் கோளாறைக் காட்டுகிற ஒரே அத்தாட்சி முற்றத்தில் நிற்கிறது, ஆனால் அதைக் காட்டினால் மனுஷன் உடைந்துபோவார், காட்டாவிட்டால் கண் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல. தெருவில் எல்லாருக்கும் தெரியும், கடைக்காரர் கௌஸ் முகம்மது ஒரு நாள் காரைப் பார்த்துவிட்டு, பளிச்சுன்னு இருக்கு மாமி என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயம் நிறுக்கப் போய்விட்டார், மரியாதைக்காரர்கள் எல்லாரும். நான் இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஒரு சாயங்காலம் காரில் ஷார்ஜா போய்த் திரும்பும்போது ரவுண்டபௌட்டில், லைட் இல்லாத சைக்கிளில் ஒரு லேபர் கேம்ப் தொழிலாளி குறுக்கே வந்தான். வாப்பா பார்க்கவே இல்லை. நான் கத்தினேன், பிரேக் போட்டார், சைக்கிளுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கையகலம்தான் இருந்தது. அந்தப் பையன் பயந்துபோய் எங்களுக்கே ஸலாம் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போனான். வாப்பா, லைட்டில்லாம வர்றானுவ என்று திட்டினார். அவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான் ஷம்சியா. எந்த ஊரில் எந்தத் தாய் அவனை நினைத்துக்கொண்டிருக்கிறாளோ. வீடு வந்து சேருவதற்குள், நாளைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் முற்றத்தில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். டீயை வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல், இது நம்ம கார் கலர் இல்லங்க என்றேன். நிழல்ல அப்படித்தான் தெரியும் என்றார். வெயில்லயும் அப்படித்தாங்க இருக்கு என்றேன். அவர் சிரித்துவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் கைலி காயப்போட்டுக்கொண்டிருந்த பட்டுக்கோட்டைக்காரர் கல்யாணசுந்தரத்தைக் கூப்பிட்டார், பானட்டைப் புரட்டிப்போட உதவிக்கு வருகிறவர் அவர்தான். தம்பி, இது என்ன கலருன்னு சொல்லு என்றார். அந்த மனுஷன் காரைப் பார்க்கவில்லை, முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். உள்ளதைச் சொல்லுங்க என்றேன். நீலந்தான் பாய் என்றார். என்னா நீலம் என்று இவர் விடவில்லை. கல்யாணசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டு, சட்டைக்குப் போடுற சொட்டு நீலம் மாதிரி இருக்கு பாய், கோவிச்சுக்காதீங்க என்றார். வாப்பா பாலிஷ் துணியை மடித்து பானட் மேல் வைத்தார். பிறகு காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். டீ ஆறிப்போனது, நான் எடுக்கவில்லை. மஃரிபுக்கு பாங்கு சொல்லும்போதுதான் இறங்கி வந்தார். தொழுதுவிட்டு வந்து என்னிடம், அன்னைக்கு நீ நல்லாருக்குன்னு சொன்னியே புள்ள என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். நீங்க நின்ன நிலை அப்படி, எனக்கு வேற வாய் வரல என்றேன், அழுதுவிட்டேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சரி, காலையில ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். நான் கேட்காமலே சொன்னார், அதுதான் முக்கியம்.

டாக்டர் ஒரு மலையாளிப் பெண், உன் வயதுதான் இருக்கும், நன்றாகத் தமிழ் பேசுகிறது. இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம், பார்ப்பதெல்லாம் மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத் தெரியுமாம், அதனால்தான் மனசில் இருந்த கருநீலம் கண்ணுக்கு வரும்வரை நீலத்தை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார் பாவம். கார் கதையைக் கேட்டு அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, அங்கிள் கண்ணுக்கு அது சரியான கலர்தான் என்று சொன்னது, அந்த ஒரு வார்த்தையில் வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். போன வாரம் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது, நீ பயப்படுவாய் என்று முன்னால் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஹாதி எப்படியோ லீவு சொல்லிவிட்டு வந்து கூடவே இருந்தான். அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்துவிட்டு டாக்ஸியில் கூட்டிவந்தோம்.

காரைக் கண்டதும் மனசு கஷ்டப்படுமே என்று நான் அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்திருந்தேன். கேட்டுக்குள் வந்ததும் நேரே போய் அதை அவரே இழுத்துவிட்டார். பார்த்தார். ஒரு சுற்று சுற்றி வந்தார். யா அல்லாஹ், இதுலயா நான் ஜும்ஆவுக்குப் போனேன், பள்ளியில எவனும் என்னை வெளியே போடான்னு சொல்லலியே என்று சொல்லி ஒரு சிரிப்பு சிரித்தார் பார், குலுங்காதீங்க, கண்ணுல தையல் என்று நான் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. பிறகு கதவில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்து, கலரு போகட்டும், பெயின்ட் வழிஞ்ச ஒரு ஒழுக்கு இருக்கா பாத்தியா என்றார். இல்லைதான். அந்த மனுஷனை என்ன செய்ய. இடது கண்ணும் முடிந்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் இனி தின்னரையும் ஸ்பிரேயையும் தொடுவார், அதுவரை ஸ்டியரிங்கையும் தொடக் கூடாது என்று சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆனால் இவ்வளவையும் நான் எழுத உட்கார்ந்தது காருக்காக இல்லை மகளே. அன்று வீட்டுக்குள் வந்ததும் டிவி மேல் இருந்த ஆமிராவின் போட்டோவை எடுத்தார், நோன்புப் பெருநாளைக்கு நீ அனுப்பினாயே, அது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய், ஆபரேஷன் ஆகாத கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். என்னங்க என்றேன். இவளுக்குக் கன்னத்துல குழி விழுது, யாரும் எனக்குச் சொல்லலியே என்றார். அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது. பெருநாள் அன்று போனில் நீ கேட்டபோது, ஒன்னைய அச்சுல வாத்த மாதிரி இருக்கா என்று சொன்னாரே, அது நான் பக்கத்தில் நின்று சொன்னதைக் கேட்டுச் சொன்னதாம். அவருக்கு அந்தப் போட்டோவில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை மட்டும்தான் தெரிந்திருக்கிறது. உனக்கு வருத்தமாகிவிடும், எனக்குப் பயமாகிவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. பேத்தி முகம் தெரியாமலே கராஜில் எல்லாரிடமும் பேத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறார். நான் ஒரு பொய் சொன்னதற்கு அவ்வளவு அழுதேனே, அவர் அதைவிடப் பெரிதாக ஒன்றை மார்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்று முழுக்கப் போட்டோவைக் கீழே வைக்கவில்லை, சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டார், காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அல்லாஹ் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட ஆயுளோடு வைப்பானாக, பிள்ளையைக் கண்ணேறு தீண்டாமல் காப்பானாக, மாப்பிள்ளைக்கு எங்கள் ஸலாம் சொல். குளித்ததும் தலையை நன்றாகத் துவட்டு, ஈரத்தோடு வெளியே போகாதே. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததாக வாப்பாவிடம் காட்டிக்கொள்ள வேண்டாம், அவராகச் சொல்லும்போது புதிதாகக் கேட்பது போலக் கேள். மறக்காமல் ஆமிராவின் போட்டோக்களை அனுப்பு, பிறந்த நாளிலிருந்து எடுத்தது எல்லாவற்றையும் முதலிலிருந்து அனுப்பு, முன்னால் அனுப்பியதாக இருந்தாலும் பரவாயில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட வேண்டும் என்று இல்லை, சின்னதாகவே இருக்கட்டும். அவருக்கு இப்போது தெரியும்.

உன் நினைவாகவே இருக்கும் உம்மா
பத்ருன்னிசா