மாடியைக் குளிப்பாட்டிய நான்கு நாள்

சித்திரை 9, வியாழன், 1971
வெயில். காக்கை நிழலை வாடகைக்குத் தேடுகிறது. சவரம், வெள்ளைச் சட்டை. மாப்பிள்ளை வீட்டுக்கு இன்று பரீட்சை.

சரித்திரத்துக்காக: மாப்பிள்ளை, தங்கச்சி சரசுவின் வீட்டுக்காரர். தறி நெய்கிறவர். கொத்தனார் இல்லாமல் தன் கையாலேயே மாடிவீடு எழுப்பிய சக்கரவர்த்தி. இப்போது மதுரை மில்லில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு விற்றால் குடும்பத்தோடு போகலாம். விற்காவிட்டால் அவர் மட்டும். சரசு நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

வாங்க வந்தவர், காரியாபட்டி பருத்திக் கடைக்காரர். "ஓவர்சியர் பாத்து எழுதிக் குடுத்தாத்தான் கிரயம்."

ரிட்டையரான ஓவர்சியர். திருச்சுழி பஸ்ஸில் வந்தார்.
சுவர்: தூக்குக்குண்டு விட்டார். இம்மி கோணல் இல்லை.
படி: பதினொன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.
கதவு: மூச்சு விட்டாலே சாத்திக்கொள்கிறது.
எல்லாவற்றுக்கும் "ம்". தாஜ்மகாலுக்கும் அவ்வளவுதான் சொல்லியிருப்பார்.
பிறகு, "தளம் ஒழுகுமா?"
மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். தளம் போட்டு மூன்று வருஷம். அது நனையும்படி மழை எங்கே பெய்தது?
"அப்ப தண்ணி கட்டிப் பாப்போம். ஒரு நா நிக்கட்டும்."

சித்திரை 10, வெள்ளி
ஊர்க்கோடிக் கிணறு. அறுபது குடம். நான் தூக்கியது ஏழு. (சரித்திரத்துக்கு முப்பது.)
எதிர்வீட்டுக்காரி: "குடிக்கத் தண்ணியில்ல, மாடியக் குளிப்பாட்டுறாக! சோப்பு வேணுமாண்ணே?"
சரசு மேலே பார்த்துக்கொண்டே சோறு வடித்தாள்.

தளம் போட்ட நாள்கள் ஞாபகம். சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர். பகலெல்லாம் தறி, விடியுமுன் எழுந்து மரக்கட்டையால் தளம் அடிப்பார். பதினைந்து நாள். அந்த டொக் டொக்கில் இலங்கைக் கோழிகள் விழித்தன. வடகிழக்கு மூலை மட்டும் என் பொறுப்பு. அரை நாள் அடித்தேன். பிறகு அங்கேயே படுத்து உறங்கிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

சித்திரை 11, சனி
ஓவர்சியர் மறுபடி வந்து, உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தார். வடகிழக்கு மூலையில் ஈரம். தோசை அளவு. மற்ற இடமெல்லாம் அப்பளமாகக் காய்ந்து.
பருத்திக் கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒரே கை அடிச்சதுதான? மத்த மூலை எப்ப ஒழுகும்னு யாரு கண்டா?"
ஓவர்சியர்: "இந்த மூலைய யாரு அடிச்சது?"
மாப்பிள்ளை: "நாந்தாங்கய்யா. அசந்துட்டேன்."
அசந்தது நான். அன்றே பார்த்திருக்கிறார். மூன்று வருஷம் வாய் திறக்கவில்லை, மனுஷன்.
சரசு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
கையை நீட்டினேன். "அய்யா, அந்தக் கை இது. அடிச்சது கொஞ்சம், உறங்குனது நெறைய. மத்ததெல்லாம் அவுக."
"அட பாவி அண்ணே!" சரசு.
ஓவர்சியர் முதல் தடவையாகச் சிரித்தார். எழுதினார்: "வடகிழக்கு மூலை நீங்கலாகத் தளம் உறுதி. வேலை முதல் தரம்." மூலையைப் பெயர்த்து மறுபடி போட்டால் கிரயம் என்றார் கடைக்காரர்.

சித்திரை 12, ஞாயிறு
பழையதைப் பெயர்த்தாயிற்று. புதுச் சுண்ணாம்பு கொட்டியாயிற்று. கட்டை என் கையில். கொப்புளம் நான்கு. (சரித்திரத்துக்கு நாற்பது.)
கீழே தறியிலிருந்து மாப்பிள்ளை: "மச்சான், சத்தத்தக் காணமே?"
இதை எழுதத்தான் நிறுத்தினேன்.