ராட்சத மிருகப் படத்தில் உன் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. எனக்கு முட்டிவலியைத் தவிர ஒன்றுமில்லை, உன் அப்பாவுக்குத்தான் மனசு சரியில்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசிச் சமாளித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ வேலை செய்த அந்த ராட்சத மிருகப் படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போனோம். போன வருஷம் விடுமுறைக்கு வந்தபோது எங்களையெல்லாம் வெள்ளைச் சுவரோரம் நிற்க வைத்து, இப்படித் திரும்பு அப்படித் திரும்பு என்று படம் பிடித்தாயே, கம்ப்யூட்டர்ல செய்யற கூட்டத்துக்கு முகம் பொருத்தணும், எப்பப் பார்த்தாலும் வெள்ளைக்காரங்க முகமே வருது, நம்ம ஆளுங்க முகமும் பெரிய திரையில வரட்டும்மா என்றாயே, அதை நம்பி மாடிவீட்டு நர்ஸ், தையல்காரர், பஸ் பணிமனையில் அப்பாவின் கூட்டாளிகள் ஒன்பது பேர் என்று ஒரு வரிசையே நிறைந்துவிட்டது. முகம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. நான் இரண்டு முறை செத்தேன், பாலத்தில் ஒரு தடவை, சந்தையில் ஒரு தடவை, அதே பச்சை மேல்சட்டையோடு. நர்ஸ் தன்னைப் பார்த்துக் கைதட்டி முடிப்பதற்குள் மிருகத்தின் கால் அவள்மேல் இறங்கிவிட்டது. திட்டம் போடுகிறவர்கள், ஊரைக் காப்பாற்றுகிறவர்கள், யார் அழுதால் கேமரா கிட்டே போய் நிற்கிறதோ அவர்கள் எல்லாம் வேறு மாதிரி ஆட்கள். நாங்கள் அலறினோம், அவ்வளவுதான். அதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

பிறகு ஒரு பஸ் வந்தது, ஓட்டுநர் இருக்கையில் உன் அப்பா. மிருகம் தலையைத் தூக்கியதும் கதவைத் திறந்து குதித்து ஓடியே போய்விட்டார், உள்ளே ஜனங்கள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பொன்னிற முடிக்காரன் ஒருவன் ஏறி உட்கார்ந்து பஸ்ஸை ஓட்டி அத்தனை பேரையும் காப்பாற்றினான். தியேட்டரே கைதட்டியது, எங்கள் வரிசையைத் தவிர. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர், கடைசி நிறுத்தத்தில் பின்சீட்டு வரை நடந்துபோய்ப் பார்க்காமல் ஒருநாளும் இறங்கினதில்லை. எஞ்சினில் புகை வந்த அன்று எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகும், மறுபடி புகைக்குள்ளே போய்த் தூங்கிக்கிடந்த ஒருவரை இழுத்து வந்தார், ஒரு வாரம் இருமினாரே, உனக்கு மறந்திருக்காது. மறுநாள் பணிமனையில் ஒருத்தர் விளையாட்டாக, என்ன, கதவுப் பக்கமே நிக்கிறீங்க என்று கேட்டாராம். இவரும் சிரித்துவிட்டு வந்தார். அன்றைக்கு வந்தவர்தான், ஓய்வு பெற்ற பிறகும் தினம் போய்க்கொண்டிருந்த மனுஷர் அந்தப் பக்கமே போகவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் சொல். அந்த முகத்தைப் பொருத்தும்போது அவர் ஓடப்போகிறார் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது என்றால் நம்புகிறேன். தெரிந்தும் மேலே இருப்பவர்களிடம் வாய் திறக்காமல் இருந்தாய் என்றால், வேலை போய்விடுமே என்று பயந்திருப்பாய், புரிகிறது, ஆனாலும் எனக்கு ஆறவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தாய், அதனால்தான் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

இரண்டாம் பாகத்துக்கு அவர் முகத்தைக் கேட்டு ஒப்புதல் தாள் அனுப்பியிருந்தாய். கிழித்துப் போடுங்கள் என்றேன். புள்ள வேலைக்கு நம்மால இடைஞ்சல் வரக்கூடாது என்று சொல்லி நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதை இந்தக் கவருக்குள்ளே வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உனக்குத் துணிச்சலும் வர வேண்டும். அந்தத் தாளின் ஓரத்தில் அப்பா பேனாவால் எழுதியிருப்பதை அழிக்காமல் அப்படியே கொண்டுபோய் உன் மேலதிகாரியிடம் நீயே படித்துக் காட்டு. "மிருகம் என்னை மிதிக்கலாம், ஆட்சேபணை இல்லை. பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு."

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா