அவர் ஊற்றும் தண்ணீர்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். ஃபேன் போட்டாலும் அதே அனல்தான் சுற்றி வருகிறது. தைக்க வேண்டியது: மூன்று ரவிக்கை, இரண்டு புடவைக்கு ஃபால்ஸ். செய்ய வேண்டியது: இவருக்குக் குளியல், மாத்திரை, கை கால் பயிற்சி. எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது.

மதியம் மகள் சுமதி. மணவாள நகரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள், கையில் தொட்டிச் செடியோடு. பச்சை இலை, ஓரமெல்லாம் ரோஸ் கலந்த சிவப்பு, லிப்ஸ்டிக் தீட்டியது போல. அக்லோனிமாவாம். வாயில் நுழையவில்லை. வீட்டுக்குள் வளருமாம், நேர் வெயில் ஆகாதாம்.

"நைனாவுக்கு ஒரு வேல வேணும்மா. படுத்துக்கினே கெடந்தா இன்னாத்துக்கு ஆவும்? வாரத்துக்கு ரெண்டு தபா தண்ணி ஊத்துனா போதும், வேற ஒண்ணும் கேக்காது."

எரிச்சல்தான் வந்தது. ஏற்கனவே ஓர் ஆளைத் தூக்கி நிறுத்தி உட்கார வைக்கிறேன். இப்போது செடி வேறு. தையல் மெஷின் பக்கத்தில் ஜன்னலோரம் வைத்தாள். சாப்பிட்டாள். போய்விட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

இவர் தானாக எழுந்தார்!

பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து நான் அதட்டாமல் கட்டிலை விட்டு இறங்கியதே கிடையாது. இன்று தடியை ஊன்றி ஜன்னல் வரைக்கும் போய், நாற்காலியில் உட்கார்ந்து, நான் குடிக்க வைத்திருந்த சொம்பை இடது கையால் எடுத்துச் செடிக்கு ஊற்றினார். பேச்சில் மிஞ்சியது ஒரே சொல், "ந்தா". பசிக்கும் ந்தா, பாத்ரூமுக்கும் ந்தா. இன்று செடியைக் காட்டி என்னிடம் ஒரு ந்தா. சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று சிரித்து.

சுமதிக்கு போன். அவள் அழுதாள், பைத்தியம்.

ஜூன் 13, வெள்ளி

பொறுமை போயிற்று.

எழுந்ததும் ஊற்றுகிறார். நாஷ்டா முடிந்து ஊற்றுகிறார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் இன்னொரு சொம்பு. தொட்டி மண் சேறு. கீழ் இலைகள் மஞ்சள். தண்டு அடியில் கொழகொழ, ஒரு மாதிரி நாற்றம். வேண்டாம் என்று சைகை செய்தேன், வாயால் சொன்னேன், கெஞ்சினேன். தலையை ஆட்டுகிறார், நான் அந்தப் பக்கம் போனதும் ஊற்றுகிறார்.

இன்று தட்டு வழிந்து மெஷின் மேஜையெல்லாம் தண்ணீர். எதிர்வீட்டுக்காரம்மா கொடுத்த பட்டு ரவிக்கைத் துணியில் சாயம் ஊறி நாசம். கத்திவிட்டேன்.

"இன்னாய்யா பேஜாரு புடிச்ச வேல இது? செடிய சாவடிக்கப் போறியா, இல்ல என்னிய சாவடிக்கப் போறியா?"

பயந்த மாதிரி பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு தொட்டியைக் காட்டி, மெதுவாக, "ந்தா". சொம்பைப் பிடுங்கி அடுக்களை மேல் பலகையில் வைத்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

எழவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்தபடி. இட்லி அப்படியே. பயிற்சிக்குக் காலைத் தொட்டால் உதறுகிறார்.

பயிற்சி சொல்லித்தரும் பிசியோ தம்பி வந்து பார்த்துவிட்டு: "நடக்கறத நிறுத்திட்டாருன்னா இப்ப இருக்கற பலமும் போயிடும்மா. எப்டியாவது எழுப்புங்க."

எப்படி எழுப்புவது? சொம்பைக் கொடுத்தால் செடி அழுகிப் போகும். செடி போனால் இவர் எதற்கு எழுவார்? கொடுக்காவிட்டால் இப்படியே படுத்துக்கொள்வார். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. மெஷினை மிதித்துக்கொண்டே அழுதேன். ஃபால்ஸ் கோணல். பிரித்துத் தைக்க வேண்டும்.

கரண்ட் போனது. வந்தது. மறுபடி போனது.

ஜூன் 15, ஞாயிறு

சாயங்காலம் தூறல். கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஏழுமலை வந்தார், வாழைப்பழத்தோடு. இவர் கம்பெனி பாய்லரில் ஆபரேட்டராக இருந்தபோது கூட வேலை பார்த்தவர், வயதில் இளையவர். கட்டிலருகே உட்கார்ந்து கம்பெனிக் கதையெல்லாம் சொன்னார். இவர் திரும்பவே இல்லை. வாசலில் வைத்து ஏழுமலையிடம் கொட்டித் தீர்த்தேன், செடி, சொம்பு, பட்டுத் துணி எல்லாம்.

ஏழுமலை சிரிக்கவில்லை.

"அண்ணி, பாய்லர்ல தண்ணி கொறஞ்சா இன்னா ஆவும் தெரியுமா? டியூப் எரிஞ்சி வெடிச்சிரும். உள்ள இருக்கறவன் எவனும் ஊடு திரும்ப மாட்டான். அதான் அண்ணன் அஞ்சி நிமிசம் சும்மா குந்த மாட்டாரு. கண்ணாடிக் குழாய்ல தண்ணி எவ்ளோ கீதுன்னு தெரியும், அத்த பாத்துக்கினே இருப்பாரு. எங்களயும் ஏசினே இருப்பாரு, லெவல் பாருடா, லெவல் பாருடான்னு."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த பாய்லரை நான் பார்த்ததில்லை. வேலை என்றால் சம்பளம், அழுக்குச் சட்டை, அவ்வளவுதான் எனக்கு. மண் தொட்டிக்குள் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று இவருக்கு எப்படித் தெரியும்? தெரியாததால் ஊற்றியிருக்கிறார். நான்தான் கத்தினேன்.

ஜூன் 16, திங்கள்

செடியைப் பிடுங்கினேன். வேர் முழுக்கக் கறுத்து அழுகல். நாற்றம் குமட்டியது. தண்டை அழுகலுக்கு மேலே, நல்ல இடமாகப் பார்த்து வெட்டினேன். மூன்றே இலை மிச்சம். மணி பிளாண்ட் எல்லார் வீட்டிலும் பாட்டில் தண்ணீரில் வளரவில்லையா? ஊறுகாய் வைத்திருந்த கண்ணாடி பாட்டிலைக் கழுவி, தண்ணீர் விட்டு, தண்டின் அடி மட்டும் நனைகிற மாதிரி நிறுத்தினேன். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் பாட்டிலுக்கு வெளியே சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். தையற்காரிக்கு வேறென்ன தெரியும்.

ஜன்னலோரம் வைத்தேன். சொம்பையும் இறக்கி வைத்தேன். துணி துவைக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் நாற்காலியில் இருக்கிறார். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் பாட்டிலைப் பார்த்தபடி. சொம்பைத் தொட்டபாடில்லை.

ஜூன் 19, வியாழன்

நேற்று ஓர் இலை உதிர்ந்தது. வேர் விடுமா, தெரியாது. சுமதி "விடும்மா" என்கிறாள், அவளுக்கும் தெரியாது.

வெயிலில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. இவர் சொம்பைச் சாய்த்து, நடுங்க நடுங்க, நூல் வரைக்கும் ஊற்றி நிறுத்தினார். மேஜையில் ஒரு சொட்டு இல்லை. பட்டுத் துணிக்காரம்மா மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பொழுது சாய்ந்து குக்கர் வைத்த நேரம், "ந்தா". போனேன். பாட்டிலை விரலால் தட்டிக் காட்டினார்.

"கீதுய்யா, நூல் வரைக்கும் கீது."

நகரவில்லை. மறுபடி தட்டினார். குனிந்து பார்க்கச் சொல்கிறார். குனிந்து பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் வீட்டுக்கு லேட்டாக வருவார். ஏழுமலை அன்று சொன்ன கதையில் அதுவும் இருந்தது: அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, அவனே கண்ணால் லெவலைப் பார்த்துச் சொல்லாமல் கிளம்ப மாட்டாராம். அதற்காக நான் போட்ட சண்டை கொஞ்சமா நஞ்சமா.

"சரி. லெவல் பாத்துட்டேன். இனிமே நான் பாத்துக்கறேன், நீ ஊட்டுக்குப் போ."

தடியை எடுத்தார். ஒருத்தர் துணையும் இல்லாமல் கட்டிலுக்குப் போய்ப் படுத்தார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. வாயில் வந்துவிட்டது: "என்னிய மாத்திவுட எவன்யா வருவான்?"

கட்டில் ஓரத்தை இடது கையால் தட்டினார். "ந்தா."

பசியா என்றேன். இல்லை. பாத்ரூமா? இல்லை. மறுபடி கட்டிலைத் தட்டினார். போய் உட்கார்ந்தேன். முதுகில் கை வைத்தார். குக்கர் விசில் மேல் விசிலாக அடித்தது. எழுந்து போகவில்லை.