ஆலை கைமாறிய பிறகு

அறப்பளீஸ்வரர் துணை

தேவனூர் நாடு, கொல்லிமலை
1934, மாசி மாதம்

மாமாவுக்கு, பாவாயி கும்பிட்டு எழுதச் சொல்வது. நானும் குழந்தைகளும் சுகமாக இருக்கிறோம். சாமை அறுத்து வீட்டுக்கு வந்துவிட்டது. இந்த வருஷம் காட்டுப்பன்றித் தொல்லை குறைவு. பெரியவனுக்கு இருந்த காய்ச்சலும் விட்டுவிட்டது.

போன சந்தையன்று பேளுக்குறிச்சிக்கு வாழைத்தார் சுமந்து போயிருந்தேன். அங்கே முத்தனும், நீங்கள் ரங்கூனுக்குக் கூட்டிப்போன நம் ஊர் ஆட்களும் தகரப் பெட்டிகளோடு நின்றார்கள். உங்களைத் தேடினேன். நீங்கள் இல்லை. தலையில் இருந்த தாரை இறக்கி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

முத்தன்தான் என்னை உட்காரவைத்துச் சொன்னான். உங்கள் எண்ணெய்க் கம்பெனி ஓர் ஆலையை மூடிவிட்டு, நீங்கள் வேலை செய்த ஆலையை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டதாம். புதிதாக வந்த துரை, மேஸ்திரி மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் ஊருக்குப் போகட்டும் என்றாராம். "நான் கூட்டியாந்த ஆளுங்க போனா நானும் போறேனுங்க" என்று சொல்லி, கையிலிருந்த ஸ்பானரை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தீர்களாம். அதை முத்தன் இரண்டு முறை சொன்னான். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நீங்கள் வேறு என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஆனால் அவர்களைக் கப்பலேற்றிவிட்டு நீங்கள் ஏன் கரையிலேயே நின்றுவிட்டீர்கள்? துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்குகிறீர்களாம். அந்த வேலைக்காக நீங்கள் தங்கவில்லை. நிலையான வேலை என்று சொல்லி வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தீர்கள். இப்போது அந்த வீட்டுப் பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைக்கிறீர்கள். எனக்குத் தெரியாதா?

அந்தப் பெண்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள், மாமா. முத்தன் பெண்டாட்டி கண்ணாயிதான் முன்னால் வந்தாள். ஏச வருகிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவளோ, "ஏனுங்க அக்கா, ஆலை போனாப் போகுது. எங்கூட்டு ஆளைப் பத்திரமா அனுப்பிவச்ச அண்ணன் எப்ப வாராருங்க?" என்று கேட்டாள். "சித்திரைக்குள்ள வந்துருவாரு கண்ணு" என்றேன். உங்களைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வந்த ஆட்கள் சும்மா இருக்கவில்லை. ஆலையில் குழாய் பொருத்திப் பழகிய கைகளாயிற்றே. மூங்கிலின் உள்கணுவை உடைத்துக் குழாயாகப் பொருத்தி, சுனைத் தண்ணீரை நம் மேட்டுக்காட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நம் காட்டுக்கே முதலில் எதற்கு என்று தடுத்தேன். "மேஸ்திரி காட்டுல ஆரம்பிச்சாத்தான் கைக்கு ராசிங்க" என்றான் முத்தன். பாறை வளைவில் மட்டும் இணைப்பு நிற்கவில்லை. துணி சுற்றிப் பார்த்தார்கள், குங்கிலியம் பூசிப் பார்த்தார்கள். தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் எழுதி அனுப்ப வேண்டாம். வந்து செய்யுங்கள்.

இதை எழுதித் தருகிறவர் காளப்பநாயக்கன்பட்டி அர்த்தனாரி வாத்தியார். அவர் முன்னால் ஒரு பெண்பிள்ளை புருஷனுக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவும் சொல்லிவிட்டேன். மீதியை நீங்கள் வந்தால்தான் சொல்ல முடியும். கடல் உங்களுக்கு அமைதியாக வழி விடட்டும். கப்பல் ஏறிவிடுங்கள், மாமா.

உங்கள்
பாவாயி