வாசல் கதவுக்குப் பச்சை எனாமல்

என் அருமை அம்சா அக்காவுக்கு,

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் உன்னிடம் சொல்ல நல்ல சேதி எதுவும் என்னிடம் இல்லை. இப்போது ஒன்று இருக்கிறது. நம் வீட்டு வாசல் கதவுக்குப் பெயின்ட் அடித்தோம்.

சிரிக்கிறாயா? உன்னைப் பெண் பார்க்க வந்ததற்கு முந்தின நாள் நான் செய்த வேலை உனக்கு மறந்திருக்காது. பழைய பளபளப்பைத் தேய்க்காமல், அழுக்கைக்கூடத் துடைக்காமல், அதன் மேலேயே பச்சை எனாமலை அள்ளிப் பூசினேன். மறுநாளும் பிசுபிசுவென்றுதான் இருந்தது. தென்னேரியிலிருந்து வந்த மாப்பிள்ளை செருப்பைக் கழற்றும்போது கதவில் தோளைச் சாய்த்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் பாதி பச்சை. அப்பா என்னை அடிக்க எழுந்தார். மாப்பிள்ளைதான் தடுத்தார்.

"விடுங்க. சட்டைதானே, மண்ணெண்ணெய் போட்டா போயிடும்."

சமையல்கட்டில் நீ என் காதைத் திருகிக்கொண்டே சொன்னாய்: "இவரையே கட்டிக்கிறேன்னு அம்மாகிட்ட சொல்லுடா."

அந்த மனிதர் நீ போன பிறகு வீட்டைவிட்டு வெளியே வரவில்லை அக்கா. பிள்ளை இல்லாத வீடு. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். போனை எடுப்பதில்லை. நான் மூன்று முறை போனேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் பேரை அவர் வாயால் நான் கேட்கவே இல்லை.

போன மாதம் கதவில் பெயின்ட் தோல் தோலாக உரிந்தது. பெயின்டரைக் கூப்பிடலாம் என்றாள் உன் தம்பி பெண்டாட்டி கௌரி. எனக்கு வேறு யோசனை வந்தது. மாமாவின் எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லி அவருக்குப் போனைக் கொடுக்கச் செய்து, எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீங்கள் வந்தால்தான் ஆகும் என்றேன். பாதி பொய்தான். மறுநாள் முதல் பஸ்ஸில், பை நிறைய உப்புத்தாளோடு வந்து இறங்கினார். ஆளே பாதியாகியிருந்தார்.

சோப்புத் தண்ணீரால் கழுவினோம். காய்ந்ததும் இரண்டு நாள் உப்புத்தாளால் தேய்த்தோம். நான் போதும் என்ற இடத்தையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னும் வழவழன்னு இருக்குது மச்சான். இப்படி இருந்தா புதுசு ஒட்டாது."

நான் வாங்கி வைத்திருந்தது காப்பிக்கொட்டை நிறம். டப்பாவை வெகுநேரம் பார்த்தார். "உங்க அக்காவுக்கு இது ஆகாது. பச்சையே வாங்கினு வா" என்றார். சொன்னவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தூசி படிந்த கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில ஒரு துண்டு மாங்கா ஊறுகா கேட்டா. டாக்டர் வேணாம்னாருன்னு நான் தரலை, மச்சான்."

பதினொரு மாதமும் இதைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? உனக்கு அதில் கோபம் இருக்காது என்று எனக்குத் தெரியும். அதை அவருக்கு எப்படிச் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். கௌரிதான் இலை போட்டாள். அன்று அவர் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம்வரை உன்னைப் பற்றியே பேசினார். நீ போட்ட சண்டைகள், வைத்த பட்டப்பேர்கள் எல்லாம். எனக்கே தெரியாத அக்கா ஒருத்தி அதில் இருந்தாள்.

பிரைமர், அதன்மேல் இரண்டு கை பச்சை. நன்றாகக் காயும்வரை இருந்துவிட்டு நேற்றுதான் ஊருக்குப் போனார். பஸ் ஏறும்போது, தென்னேரி வீட்டு ஜன்னல்களும் உரிகின்றன என்றார். எட்டு ஜன்னல்.

வருகிற ஞாயிறு நான் போகிறேன் அக்கா. எட்டையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். முடிக்க மாட்டேன். ஞாயிறுக்கு ஒன்று, அதற்கு மேல் தொடவிடமாட்டேன்.

உன் தம்பி,
ஏழுமலை