ஏறச் சொல்லாத பஸ்

12-3-84, திங்கள்

அண்ணன் சேலம் ஜெயிலிலிருந்து வந்து ஒரு வாரமாகிறது. இன்று காரிமங்கலம் ரைஸ்மில்லில் வேலைக்குச் சேர வேண்டும். காலை பஸ் வந்து நின்றது. படிக்கட்டுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஏறவில்லை.

"என்னய்யா, வேடிக்கை பாக்க வந்தியா?" என்று கத்திவிட்டு கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

"ஏண்ணா ஏறுல?"

"யாரும் ஏறுன்னு சொல்லுலியேடா. உள்ள, சொன்னாத்தான நவுருவோம்."

எனக்குக் கெட்ட கோபம். இதே பஸ்ஸில்தான் சந்தைக்குப் போவோம். நகர்கிற பஸ்ஸில் அவன் தாவி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கை நீட்டுவான். "ஓடியாடா சோம்பேறி!" என்பான். அந்தக் கையில் எப்போதும் நிலக்கடலைத் தோல் ஒட்டியிருக்கும்.

மத்தியான பஸ்ஸில் நான் மட்டும் போய் மில்காரரிடம் கெஞ்சினேன். "நாளைக்கும் வரலீன்னா வேற ஆள் வெச்சிக்குவேன்," என்றார்.

பள்ளிக்கூடத்தை விட்டதில் ஒரு வசதி, நாளை நானும் கூடப் போகலாம். முதலில் நான் ஏறுவேன். கையை நீட்டி, "ஓடியாடா சோம்பேறி!" என்று கத்துவேன். அண்ணனை 'டா' போட்டால் அடிப்பான்.

ஏறி வந்து அடிக்கட்டும்.